லீலக்கா போடாத வளையல்

கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் சுந்தராம்பாள் மருமகளை ஜன்னல் ஓரமாக உட்காரவைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்து, வளையல் பெட்டி இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டாள். சொல்ல வேண்டியது எதுவானாலும் மைசூரின் மேட்டகள்ளிக்கும் கூர்கள்ளிக்கும் இடையில் இந்த பஸ்ஸிலேயே சொல்லிவிடுவது அவள் பழக்கம். வீட்டில் மகன் இருப்பான். கம்பெனிக்குள் போய்விட்டால் மெஷின் சத்தத்தில் எதுவும் காதில் விழாது.

"தாரணி, இன்னைக்கு மொத வளையல அந்த லீலா போடக் கூடாது புள்ள. இப்பவே சொல்லிப்போட்டேன்."

தாரணி திரும்பிப் பார்த்தாள். எட்டு மாத வயிறு முன்சீட்டுக் கம்பியில் இடித்தது.

"எனக்கு முன்னாடி மெஷின் அவங்கதானே அத்தை? லைன்ல அப்படித்தானே வழக்கம்?"

"வழக்கத்த ஆரு மாத்தச் சொன்னாங்க? ஆள மாத்துன்னுதான் சொல்றேன். செக்கிங் அஸ்வினி போடட்டும். எலுமிச்சம்பழமாட்டம் இருக்கறா. மொத வளையல் போடறவ மொகந்தான் வயித்துல இருக்கறதுக்குப் போய்ச் சேரும்." சுந்தராம்பாள் தன் முன்கையைத் தூக்கி மருமகளின் முன்கையோடு ஒட்டிவைத்தாள். இரண்டும் ஒரே நிறம். "நம்ம ரெண்டு பேரையும் பாரு. இதுக்கு மேலயும் கருக்கணுமா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். தாரணியும் சிரித்துவைத்தாள்.

"நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க அத்தை."

"நாஞ் சொன்னா சண்டையாயிரும். உன்ற சிநேகிதிதானே? நீயே பக்குவமாச் சொல்லு."

ஜன்னலுக்கு வெளியே கார்த்திகை மாதத்துப் பனி ரிங் ரோட்டின் விளக்குக் கம்பங்களை இடுப்புவரை விழுங்கியிருந்தது. தாரணி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். அத்தை சொன்னதைக் கேட்டதும் தனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. வந்தது கோபமில்லை. ரொம்ப நாளாகத் தன் மனதில் இருந்ததை வேறு யாரோ எடுத்துச் சொல்லிவிட்டதைப் போல ஓர் ஆறுதல்தான் வந்தது. அதை அவள் சட்டென்று தள்ளிவைத்தாள்.

அது சட்டை தைக்கிற கம்பெனி. ஒரு லைனில் ஒருத்தி காலர் வைப்பாள், ஒருத்தி கைமுனைக்குக் கப் வைப்பாள், லீலா கை ஒட்டுவாள், தாரணி பக்கத் தையல் போட்டு மூடுவாள். கடைசியில் அஸ்வினி செக் செய்வாள். சுந்தராம்பாள் அதற்கும் பின்னால் நின்று நூல் வெட்டுவாள். லைனில் யாராவது பிரசவ லீவில் போனால், போகிற நாளன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் எல்லோரும் சேர்ந்து வளையல் போடுவார்கள். கண்ணாடித் துண்டு சட்டைக்குள் போய்விடும் என்பதால் தையல் ஹாலுக்குள் கண்ணாடி வளையலுக்கு அனுமதி இல்லை. போட்ட வளையலைப் பிள்ளை பிறக்கும்வரை கழற்றவும் கூடாது. அதனால் வளையல் போட்டுக்கொண்டவள் அப்படியே அரைநாள் கேட் பாஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். யார் கையிலிருந்து உனக்கு வேலை வருகிறதோ அவள்தான் முதல் வளையல் போட வேண்டும். காலர் வைக்கும் பசம்மா அந்த லைனுக்கு வந்த காலத்திலிருந்து இதுதான் முறை.

தாரணிக்குத் தாய்வீடு இல்லை. அம்மா சொந்த ஊரான ஹனூரில் இருந்தபோதே இறந்துவிட்டாள். வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறையில் வளைகாப்பு வைக்க இடமும் கிடையாது. ஆகவே கேண்டீனில் நடக்கப்போவதுதான் அவளுக்கு வளைகாப்பு.

*

லீலா கர்நாடகத்தின் மேற்கே, எல்லாபுராப் பக்கத்து 'சித்தி' என்கிற ஜாதிக்காரி. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கப்பலில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களின் வழியில் வந்தவள். கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே செக்யூரிட்டி சித்தம்மா அவளை நிறுத்தி, "எந்த தேசம் நீ?" என்று கேட்டாள். "எல்லாபுரா தேசம்" என்று லீலா சுத்தமான கன்னடத்தில் பதில் சொன்னாள். "பஸ்லயே போகலாம், பாஸ்போர்ட் வேண்டாம்."

சுந்தராம்பாள் அதோடு விடவில்லை. கொஞ்ச நாள் கழித்து, சாப்பிடும்போது, "இருந்தாலும் நீங்கெல்லாம் வெளியில இருந்து வந்தவங்கதானே?" என்று இழுத்தாள்.

"ஆமாம்மா. எங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்துல. நீங்க மைசூருக்கு எப்ப வந்தீங்க?"

"எங் கல்யாணத்துக்கப்புறம்."

"நோடு, பாத்தீங்களா! அப்போ நீங்கதான் வெளியூரு."

பசம்மாவுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. சுந்தராம்பாளுக்கு வரவில்லை.

லீலா வருவதற்கு முன்னால் அந்த லைனில் எல்லோரையும்விடக் கருப்பு தாரணிதான். "கரியா" என்றுதான் கூப்பிடுவார்கள். மேசையில் துணி தேங்கினால் சூப்பர்வைசர்கூட, "கரியா, பீஸ் நிக்குது பாரு" என்பார். தாரணி திரும்பிப் பார்ப்பாள், சிரிப்பாள். லீலா வந்த வாரத்தில் அந்தப் பெயர் ஓசையில்லாமல் இடம் மாறியது. யாரும் முடிவு செய்து மாற்றவில்லை, ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுவதைப் போல அது லீலாவிடம் போய்விட்டது. தாரணியை எல்லோரும் தாரணி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்துக்கொண்டபோது முகம் கொஞ்சம் வெளுத்திருப்பது போலக்கூட அவளுக்குத் தெரிந்தது.

அதே லீலாதான் இத்தனை மாதமும் அவளைத் தாங்கினாள். தாரணி வாந்தி எடுக்க ஓடும்போதெல்லாம் நாற்காலியைத் திருப்பிப்போட்டு, தன் வேலையோடு அவளுடைய வேலையையும் தைத்துத் தள்ளினாள். அவ்வளவு வேகம் அவள் கைக்கு. தாரணிக்குக் கால் வீங்கியபோது, பெடலுக்குப் பக்கத்தில் காலைத் தூக்கிவைக்க ஒரு பழைய நூல்கோன் பெட்டியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். தமிழும் தாரணியிடம்தான் கற்றுக்கொண்டாள். பேசினால் பாதியில் கன்னடம் வந்துவிடும். தாரணிக்கும் அப்படித்தான் வரும் என்பதால் இருவருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியாது.

*

அன்று காலை லீலா தலையில் மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். சுருள்முடியின் மேல் பூச்சரம் நீர்மேல் மிதப்பதைப் போல நின்றது.

"சிரிக்காத. இது நிக்கறதுக்கு ஆறு பின்னு குத்தியிருக்கேன்" என்றாள். "நேத்து மார்க்கெட்ல போய் பச்சை வளையல் வாங்கினேன். தங்கப் புள்ளி வெச்சது. கடைக்காரன் என்கிட்ட இங்கிலீஷ்ல பேசறான்! நானும் விடாம எஸ், நோன்னுட்டு, கடைசில கன்னடத்துல பேரம் பேசினேன். ஆளு அப்படியே நின்னுட்டான்."

"எதுக்குக்கா உனக்கு இந்தச் செலவு?"

"நான்தானே மொதல்ல? சும்மா கையோட வருவேனா? பாரு, மெஷின் ஆயில் வாசம் போகணும்னு சீயக்காய் போட்டுக் கையக் கழுவியிருக்கேன். மோந்து பாரு."

லீலா கையை நீட்டினாள். தாரணி மோந்து பார்த்தாள். சீயக்காய் வாசமும் அதற்கு அடியில் கொஞ்சம் ஆயில் வாசமும் வந்தன. அப்போதே சொல்லியிருக்கலாம். பெல் அடித்தது. மெஷின்கள் ஒன்றாக உறுமத் தொடங்கின.

காலை முழுக்க அவள் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தாள். 'லீலக்கா, அத்தைக்குக் கொஞ்சம் மூடநம்பிக்கை' என்று ஆரம்பிக்கலாம். 'நீ ரெண்டாவது போடேன்' என்று கேட்கலாம். எப்படிச் சொன்னாலும் கடைசியில் லீலா, "ஏன்?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. கை ஒட்டிய சட்டைகள் அவள் மேசைக்கு வந்துகொண்டே இருந்தன. அவள் வேண்டுமென்றே மெல்லத் தைத்தாள். மத்தியானம் ஆவதற்குள் மேசையில் ஒரு குவியல் சேர்ந்தது. எதற்காக அப்படிச் சேர விடுகிறோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

சாப்பாட்டு பெல் அடித்ததும் லீலா எழுந்தாள். தாரணி குவியலின் மேல் கையை வைத்தாள்.

"லீலக்கா, லீவுல போறவ மேசையில துணி மிச்சம் வெச்சுட்டுப் போனா அடுத்து உக்கார்றவ திட்டுவா. இதை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டு வர்றியா? நான் போய் இலையெல்லாம் போடறேன். நீ வந்ததும் ஆரம்பிக்கலாம்."

லீலா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி" என்றாள். "நீ போ. நின்னா காலு வீங்கும்."

ஹாலின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். கதவருகே போய்த் தாரணி திரும்பிப் பார்த்தபோது, அவ்வளவு பெரிய இருட்டுக்குள் ஒரே ஒரு மெஷினின் சின்ன பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே இரண்டு கைகளும் ஒரு மல்லிகைச் சரமும் தெரிந்தன.

*

கேண்டீனில் கலந்த சாதங்கள் வரிசையாக இருந்தன. புளியோகரை, சித்ரான்னம், தயிர் சாதம், யாரோ கொண்டுவந்த தேங்காய்ச் சாதம். தாரணியை நடுவில் ஸ்டூலில் உட்காரவைத்துக் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். பசம்மா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

"லீலா எங்கம்மா? அவதானே ஆரம்பிக்கணும்?"

தாரணி வாயைத் திறந்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவங்களுக்கு வேலை இருக்காம். நம்மளை ஆரம்பிக்கச் சொன்னாங்க."

அவ்வளவு எளிதாக வந்துவிட்டது. பசம்மா அவளைப் பார்த்தாள், பிறகு சுந்தராம்பாளைப் பார்த்தாள். சுந்தராம்பாள் அதற்குள் அஸ்வினியின் தோளைப் பிடித்து முன்னால் கொண்டுவந்துவிட்டாள்.

"நானா?" என்றாள் அஸ்வினி. "நான் செக்கிங் ஆச்சே ஆன்ட்டி, தைக்கற ஆளே இல்ல. என்னை எதுக்கு…"

"நீ போடு கண்ணு. மகராசி கை."

அஸ்வினிக்குப் புரிந்துவிட்டது. வெட்கமும் பெருமையுமாக முகம் சிவந்தாள். அங்கிருந்த எல்லோருக்குமே புரிந்தது. ராகிக் களி நிறத்துப் பசம்மாவுக்கும், தன் மகளுக்கு இரண்டு வரன்கள் நிறத்தாலேயே தட்டிப்போன கப் வைக்கிறவளுக்கும்கூடப் புரிந்தது.

"அஸ்வினி போட்டா பொறக்கறதுக்குப் பவுடரே வேண்டாம்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். தாரணியும் சிரித்தாள். முதல் வளையல் அவள் விரல் முட்டிகளில் கொஞ்சம் சிக்கி, வலித்து, மணிக்கட்டில் இறங்கியது. அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள். இரண்டு கைகளும் கனத்தன. ஒவ்வொரு முறை வாசலில் நிழல் ஆடும்போதும் அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

கடைசி ஆள் வளையல் போட்டு முடித்துக் குங்குமமும் வைத்தாகிவிட்டது. அப்போதுதான் லீலா வந்தாள். சுடிதார் கையெல்லாம் நூல் பிசிறு. ஒரு கையில், லாக்கரிலிருந்து எடுத்துவந்த வளையல் பெட்டி.

"ஆச்சு தாரணி! மேசை சுத்தம். ஒரு நூலுகூட…"

தாரணியின் கைகளைப் பார்த்தாள். சிரிப்பு உடனே போகவில்லை. நடந்தது இன்னும் தனக்குத் தெரியாததைப் போல அது அவள் முகத்தில் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது.

"ஆரம்பிச்சுட்டீங்களா?"

"நீதானேம்மா ஆரம்பிக்கச் சொன்னதா…" என்று தொடங்கிய பசம்மா பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

கேண்டீனில் ஒரு டிபன் மூடிகூடச் சத்தம் போடவில்லை. எல்லோரும் லீலாவைப் பார்த்தார்கள். லீலா தாரணியைப் பார்த்தாள். தாரணியால் சந்தனம் காய்ந்து இழுத்துக்கொண்டிருந்த தன் கன்னத்தைத்தான் உணர முடிந்தது. இப்போது லீலா கேட்டுவிடுவாள். நான் எப்போது சொன்னேன் என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவாள். கேட்டுவிட்டால் நல்லது என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

"ஆமா" என்றாள் லீலா. "நான்தான் சொன்னேன். வேலை இருந்துச்சு."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. டிபன் மூடிகள் மறுபடி சத்தம் போட்டன.

"உன் வளையலையும் போடும்மா" என்றாள் பசம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சாக்கு பிடு அக்கா, போதும். கை நெறைஞ்சிருக்கு."

"உக்காந்து சாப்பிடு லீலா" என்றாள் சுந்தராம்பாள். அவள் குரலில் என்றைக்கும் இல்லாத பிரியம் இருந்தது. "புளியோகரை நல்லாருக்குது."

லீலா உட்கார்ந்து சாப்பிட்டாள். கொஞ்சம்கூட மிச்சம் வைக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

*

பெல் அடித்ததும் எல்லோரும் ஹாலுக்குப் போய்விட்டார்கள். தாரணி கேட் பாஸை வாங்கிக்கொண்டாள். கணவன் கணேஷ்குமார் பைக்கில் வந்துகொண்டிருப்பதாகப் போன் செய்தான். அவள் கேட் வரை நடந்தாள். நடக்க நடக்க வளையல்கள் குலுங்கின. பாதி வழியில் நின்றாள். பிறகு திரும்பி ஹால் வாசலுக்கு வந்தாள்.

"வளையலோட உள்ள ஆகாது" என்றாள் சித்தம்மா, வாசலில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைக் காலால் காட்டி.

"உள்ள வரல. லீலக்காவ ஒரு நிமிஷம் கூப்பிடறீங்களா?"

லீலா வந்தாள். கையில் ஒரு சட்டைக் கை இருந்தது, விட்டு வர மறந்துவிட்டாள் போலிருக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். தூரத்தில், லைனின் கடைசியில், சுந்தராம்பாள் கத்தரியோடு குனிந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"லீலக்கா, நான் வேணும்னேதான் உன்னை அங்க உக்கார வெச்சேன்."

"தெரியும்."

"எப்போ?"

"நீ கேட்டப்பவே. எப்பவும் மூஞ்சியப் பாத்துக் கேப்ப. இன்னைக்குத் துணியப் பாத்துக் கேட்ட."

"அப்புறம் எதுக்குத் தச்ச?"

லீலா கையிலிருந்த துணியின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

"அந்தத் துணி எனக்கு எவ்ளோ நேரம்? வெரலச் சொடுக்கற நேரம். ஆனா நீ ஆளனுப்பிக் கூப்பிடுவேன்னு நெனச்சேன். நான் பேகா, சீக்கிரமா முடிச்சுட்டா நீ கூப்பிடறதுக்கு டைம் இருக்காதுன்னு மெதுவா மெதுவா தச்சேன். கதவையே பாத்துட்டு."

தாரணிக்குக் காது சுட்டது.

"அத்தைதான்…" என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். மேட்டகள்ளி பஸ்ஸில் வந்த அந்த ஆறுதல் நினைவுக்கு வந்தது. "அத்தை சொன்னாங்க. ஆனா எனக்கும் பயமா இருந்துச்சுக்கா."

"எதுக்குப் பயம்?"

"குழந்தை…"

எத்தனையோ முறை தாரணி பாதியில் விட்ட பேச்சை முடித்துக்கொடுத்தவள் இப்போது முடித்துக்கொடுக்கவில்லை. காத்திருந்தாள். சித்தம்மா வேறு பக்கம் பார்ப்பதைப் போல நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்னை மாதிரி கருப்பா பொறந்துடுமோன்னு."

லீலா அழவில்லை, கோபப்படவும் இல்லை. வளையல்களுக்கு மேலே தெரிந்த தாரணியின் கையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தாரணி அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வயிற்றின் மேல் வைத்தாள்.

"எம் பொண்ணு பொறந்தப்போ ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்காரி, எங்க மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு கர்ட்டன இழுத்து விட்டா" என்றாள் லீலா. "அவ வேற ஜனம். எனக்கு ஒண்ணும் தோணல." துணியை மறுபடி மடித்தாள். "தை மாசந்தானே உனக்கு?"

"ஆமா."

"பாக்க வரலாமா, வேண்டாமா? இப்பவே சொல்லிடு. பழம் வாங்கிட்டு வந்து உங்க வாசல்ல நிக்க என்னால ஆகாது."

வா என்று சொல்ல ஒரு எழுத்து போதும். ஆனால் அதற்கு முன்னால் அந்த ஒற்றை அறை அவள் கண்ணில் வந்தது. கட்டிலும், துணியில் சுற்றிய பிள்ளையும், அதன் மேல் குனிகிற முதல் முகங்களும், கதவருகே அத்தையும். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான் ஆகியிருக்கும்.

லீலா அந்த மூச்சைப் பார்த்துவிட்டாள்.

"சரி. யோசிச்சுச் சொல்லு" என்றாள். "அங்க பீஸ் நிக்குது."

திரும்பி நடந்தாள். சுருள்முடியில் மல்லிகை வாடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

"வாக்கா" என்றாள் தாரணி. "கண்டிப்பா வா."

மெஷின்களின் சத்தம் அதை அங்கேயே நசுக்கிவிட்டது. இனிக் கத்தினால்தான் கேட்கும். கத்தினால் எல்லோருக்கும் கேட்கும். லீலா தன் இடத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த துணியை ஊசிக்குக் கீழே வைப்பதை அவள் பார்த்தாள்.

"லீலக்கா!"

அவள் நினைத்ததைவிடப் பெரிய சத்தமாக வந்துவிட்டது. லைன் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. பசம்மா மெஷினை நிறுத்தினாள். அஸ்வினி கையிலிருந்த சட்டையோடு எட்டிப் பார்த்தாள். சூப்பர்வைசர் திரும்பினார். சுந்தராம்பாள் கத்தரியைத் தூக்கிப் பிடித்தபடி, "என்ன புள்ள? என்னாச்சு?" என்று கேட்டாள்.

லீலா மட்டும் நிமிரவில்லை. ஆனால் அவள் மெஷின் நின்றிருந்தது. குனிந்த தலையோடு அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தாரணிக்குத் தெரிந்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல அத்தை" என்றாள் தாரணி. "போயிட்டு வரேன்."

"நல்லபடியா பெத்து எடுத்துட்டு வா!" என்று அஸ்வினி கத்தினாள். லைன் முழுக்கக் கைகள் உயர்ந்து ஆடின. எல்லோரும் தூக்கியதால் லீலாவும் ஒரு கையைத் தூக்கினாள். தூக்கிய கையை உடனே இறக்கித் துணியைப் பிடித்துக்கொண்டு பெடலை மிதித்தாள்.